மதுரை பழைய நகருக்கு எந்த வழிகாட்டிப் பலகை?

மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒரு வாசல் வழியாகப் போய் இன்னொரு வாசல் வழியாக வெளியே வரும் வெளியூர்க்காரர் படும் பாடு மதுரைக்காரர்களுக்குத் தெரியும். செருப்பு ஒரு பக்கம், செல்போன் ஒரு பக்கம், கூட வந்தவர்கள் எந்தப் பக்கம் என்றே தெரியாது. கோயில் மதில் ஏறக்குறைய 254 மீட்டருக்கு 237 மீட்டர். கிழக்கே செருப்பை விட்டுவிட்டு மேற்கே வெளியே வந்தால், மதிலை ஒட்டி நடந்தாலும் அரைக் கிலோமீட்டர் ஆகிவிடும். அதுவும் வெறுங்காலில். நடை சாத்தும் மத்தியான நேரத்தில், தப்பான பக்கம் திரும்பிவிட்டால் இன்னும் கஷ்டம்.

இந்த ஊரில் தெருப்பெயர்ப் பலகைகளுக்கும் திசைகாட்டிப் பலகைகளுக்கும் வயதாகிவிட்டது. துரு, வெளுப்பு, போஸ்டர், வண்டி இடித்து வளைந்த கம்பம் என்று ஆளுக்கொரு நோய். மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பில்லை, எதை வைப்பது என்பதில்தான் பேச்சு. பழைய பலகைக்கே புது ஷீட் ஒட்டலாம். அதே மாதிரி புதுப் பலகை நடலாம். லண்டன் பாணியில் வரைபடத் தூண் வைக்கலாம். பாரிஸ் பாணியில் சுவரில் எனாமல் தகடு அடிக்கலாம். க்யூஆர் கோடு, எல்இடி திரை என்று போகலாம். இவற்றை அளக்க நான் எடுத்துக்கொள்ளும் அளவுகோல் ஒன்றுதான்: பலகை கெட்டுப்போனால் வார்டு அலுவலக ஆட்களே ஒரு வாரத்துக்குள் அதைச் சரிசெய்ய முடியுமா? வாங்கும் விலையை அப்புறம் பார்க்கலாம். 2016-இல் மதுரை சேர்க்கப்பட்ட ஸ்மார்ட் சிட்டி திட்டம் 2025 மார்ச்சோடு முடிந்துவிட்டது. இனி எதை நட்டாலும் அதைப் பராமரிக்கும் செலவு மாநகராட்சியின் தலையில்தான்.

முதலில் ஊரின் அமைப்பைப் பார்த்துவிடுவோம், ஏனென்றால் பாதி முடிவை அதுவே சொல்லிவிடுகிறது. கோயிலை நடுவில் வைத்து சதுரத்துக்குள் சதுரமாக வீதிகள். மதிலுக்குள்ளே ஆடி வீதி. வெளியே சித்திரை, ஆவணி மூலம், மாசி. கடைசியில், பழைய கோட்டைச் சுவரை 1840-களில் கலெக்டர் பிளாக்பர்ன் இடித்த இடத்தில், வெளி வீதி. ஒவ்வொன்றிலும் கீழ, மேல, தெற்கு, வடக்கு என்று நான்கு. உள்ளூர்க்காரருக்கு இதைவிட நல்ல முகவரி முறை கிடையாது. 'மேல ஆவணி மூல வீதி' என்றால் கோயிலுக்கு எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளி என்று பெயரிலேயே வந்துவிடும். ஆனால் முதல்முறை வருகிறவருக்கு மதிலுக்கு வெளியே மட்டும் ஒன்றுபோல ஒலிக்கும் பதினாறு பெயர்கள். அத்தனை வீதிகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் தெரியும்.

கோபுரத்தைப் பார்த்து நடக்க வேண்டியதுதானே என்று கேட்கலாம். கோயிலைச் சுற்றி ஒரு கிலோமீட்டருக்குள் 9 மீட்டருக்கு மேல் கட்டிடம் கட்டக் கூடாது என்று விதி இருப்பதே கோபுரம் மறையக் கூடாது என்பதற்காகத்தான். அகலமான வீதிகளில் அது பயன்படுகிறது. ஆனால் மாசி வீதிக்கும் ஆவணி மூல வீதிக்கும் இடையே ஓடும் சந்துகளில் நின்று அண்ணாந்து பார்த்தால் துணிக்கடை போர்டும் கேபிள் ஒயரும்தான் தெரியும். தெரிந்தாலும் அது எந்தக் கோபுரம்? தெற்குக் கோபுரம்தான் உயரம், சுமார் 170 அடி. அது தெரிந்தவருக்குப் பலகையே தேவைப்படாது.

சரி, ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பழைய பலகைக்குப் புது ஷீட் ஒட்டுவது யாருக்கும் கிளர்ச்சி தராத யோசனை. திறப்பு விழா வைக்க முடியாது. ஆனால் கம்பமும் தகடும் நன்றாக இருக்கும் இடங்களில் இதைவிட மலிவான வேலை இல்லை. வண்டி வெளிச்சம் பட்டால் மின்னும் ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்குத் தரத்தைப் பொறுத்து ஏழு முதல் பத்து ஆண்டு வரை உத்தரவாதம் கிடைக்கிறது. மதுரை வெயிலில் முதலில் போவது சிவப்பு. நீலமும் பச்சையும் கொஞ்சம் தாங்கும். பல இடங்களில் நடப்பது என்னவென்றால், ரிஃப்ளெக்டிவ் ஷீட்டுக்குப் பதில் சாதாரண வினைல் பிரிண்ட் ஒட்டிவிடுகிறார்கள். ஒட்டிய அன்று இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது. சில கோடைகளில் தெரிந்துவிடும். ஆகவே இந்த வழியைத் தேர்ந்தால் டெண்டரில் ஷீட்டின் ரகத்தை எழுதி, வாங்கும்போது இரவில் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும். இதன் பெரிய குறை, பழைய தப்புகளும் அப்படியே புதுப்பிக்கப்படும் என்பது. பலகை நிற்கும் இடமே தவறு என்றால் புது ஷீட் என்ன செய்யும்? சுட்டும் இடம் நகர்ந்துவிட்டாலும் அதே கதைதான். வெளியூர்ப் பேருந்துகள் 1999-இல் மாட்டுத்தாவணிக்குப் போயின. புதுமண்டபத்துக் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்குப் போய்விட்டன. ஷீட் ஒட்டுவதற்கு முன் பலகையில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருவர் நடந்துபோய்ப் படித்துவிட்டு வர வேண்டும்.

அதே வடிவத்தில் எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றுவது அரசியல்வாதிகளுக்குப் பிடித்த வழி. ஊரே ஒரே நாளில் புதிதாகத் தெரியும். இதைப் பற்றி யோசிக்கும்போது நியூயார்க் கதை நினைவுக்கு வரும். தெருப்பெயர்கள் முழுதும் ஆங்கிலப் பெரிய எழுத்தில் (கேபிடல்) இருக்கக் கூடாது, சின்ன எழுத்தும் கலந்திருக்க வேண்டும் என்று அமெரிக்க மத்திய விதிமுறை சொன்னது. அதன்படி அந்த நகரில் 2,50,900 பலகைகளை மாற்ற வேண்டும், பலகைக்கு 110 டாலர், மொத்தம் 2.76 கோடி டாலர் ஆகும் என்று 2010-இல் செய்தி வந்தபோது பெரிய கூச்சல். பிறகு காலக்கெடுவே எடுக்கப்பட்டது, பலகை பழசாகும்போது மாற்றினால் போதும் என்றார்கள். எனக்கு அதுதான் நியாயமாகப் படுகிறது. ஒரே நாளில் நட்ட பலகைகள் எல்லாம் ஒரே காலத்தில்தான் பழசாகும். பத்து ஆண்டு கழித்து மறுபடியும் ஒரு மொத்தச் செலவு வந்து நிற்கும், அப்போது யார் மேயரோ, கையில் காசு இருக்குமோ என்னவோ. துருப்பிடிக்காத எஃகுப் பலகை என்றால் இன்னொரு கவலை, பழைய இரும்புக் கடையில் அதற்கு நல்ல விலை உண்டு.

இங்கே போஸ்டர் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. கல்யாணம், காதுகுத்து, கண்ணீர் அஞ்சலி, தலைவர் பிறந்தநாள் எல்லாவற்றுக்கும் மதுரையில் போஸ்டர் உண்டு. கண் மட்டத்தில் வழவழப்பாக ஒரு பரப்பு கிடைத்தால் மறுநாள் காலையில் அதில் யாராவது சிரித்துக்கொண்டிருப்பார். பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்க 1959-இலேயே தமிழ்நாட்டில் சட்டம் வந்துவிட்டது. சட்டம் இருக்கிறது, பசையும் இருக்கிறது. எனவே பொருளைத் தேர்ந்தெடுக்கும்போதே பசையைக் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷீட் ஒட்டிய பலகையில் போஸ்டரைச் சுரண்டினால் ஷீட்டும் சேர்ந்து கிழியும்.

இதற்காகவே எனாமல் தகடு எனக்குப் பிடித்திருக்கிறது. 1844-இல் பாரிஸ் நிர்வாகி ராம்புட்டோ நீலப் பின்னணியில் வெள்ளை எழுத்துடன் தெருப்பெயர்த் தகடுகளை முறைப்படுத்தினார். முதலில் எரிமலைக் கல்மேல் எனாமல், பின்னால் இரும்புத் தகட்டின்மேல். இன்றைக்கும் அந்த ஊரின் அடையாளம் அதுதான். எனாமல் என்பது உலோகத்தின்மேல் சுட்டு உருக்கிய கண்ணாடிப் பூச்சு. வெயிலில் நிறம் போகாது, போஸ்டரை வெந்நீர் ஊற்றித் தேய்த்து எடுத்துவிடலாம், பூச்சு தெறிக்காதவரை பல பத்தாண்டுகள் நிற்கும். கல் பட்டால் தெறிக்கும், தெறித்த இடத்தில் துரு ஏறும், அது மட்டும்தான் அதன் பலவீனம். எட்டு ஒன்பது அடி உயரத்தில் அடித்தால் கல்லும் கையும் எட்டாது.

அதைவிட முக்கியம், சுவரில் அடிக்கும் தகட்டுக்குக் கம்பம் வேண்டாம். மாசி வீதிகளில் கம்பம் நடுவது எவ்வளவு தொல்லை என்பதைச் சித்திரைத் திருவிழாவின்போது பார்க்கலாம். தேர் நான்கு மாசி வீதிகளையும் சுற்றி வர வேண்டும். அதற்காகக் குறுக்கே போகும் ஒயர்களை எல்லாம் கழற்றுகிற ஊரில், சாலைக்கு மேலே வளைவுப் பலகையோ நீட்டிக்கொண்டிருக்கும் கையோ வைத்தால் ஒவ்வொரு ஆண்டும் கழற்றி மாட்ட வேண்டியதுதான். தேர் இல்லாத நாட்களிலும் தள்ளுவண்டி, சரக்கு ஆட்டோ, மூட்டை தூக்குகிறவர்கள் என்று நடைபாதையில் ஒரு கம்பத்துக்குக் கூட இடம் மிச்சமில்லை.

தகட்டுக்கு எதிரான வாதங்களும் உண்மையானவைதான். சுவர் தனியாருடையது, ஒப்புதல் வாங்க வேண்டும். வீட்டை இடித்துக் கட்டினால் தகடு பழைய இரும்போடு போய்விடும். கடைக்காரர் புதிதாகப் போர்டு வைத்தால் அதற்குப் பின்னால் தகடு ஒளிந்துகொள்ளும். இதற்குத் தீர்வு கட்டிட அனுமதியில் இருக்கிறது. மூலைக் கட்டிடத்துக்கு அனுமதி கொடுக்கும்போதே தெருப்பெயர்த் தகட்டுக்கு இவ்வளவு இடம் விட வேண்டும் என்று ஒரு நிபந்தனை சேர்த்தால் போதும். ஆனால் தகடு தெருவின் பெயரைத்தான் சொல்லும், போகும் வழியைச் சொல்லாது. வழிக்கு வேறு ஒன்று தேவை.

வரைபடத் தூண் அங்கேதான் வருகிறது. லண்டன் மையப் பகுதியில் நடப்பவர்களுக்காக 32 வகைப் பலகை முறைகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் இருந்தன என்று ஆய்வில் கண்டார்கள். மக்கள் பாதாள ரயில் வரைபடத்தை வைத்துக்கொண்டு தரையில் நடந்தார்கள். அந்த வரைபடம் தூரத்தைச் சொல்லாது. கோவென்ட் கார்டனுக்கும் லெஸ்டர் ஸ்கொயருக்கும் இடையே 260 மீட்டர்தான், அதற்கும் ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. 2007-இல் பாண்ட் தெருப் பகுதியில் 'லெஜிபிள் லண்டன்' தூண்களை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மற்ற இடங்களுக்குக் கொண்டு போனார்கள். அதில் இரண்டு நல்ல விஷயங்கள். ஒன்று, வரைபடத்தில் வடக்கு மேலே இருக்காது, நீங்கள் எந்தத் திசையைப் பார்த்து நிற்கிறீர்களோ அதுதான் மேலே. இரண்டு, ஐந்து நிமிடம் நடந்தால் எதுவரை போகலாம் என்று ஒரு வட்டம்.

இரண்டுமே மதுரைக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. நாற்புறமும் ஒரே மாதிரி இருக்கும் ஊரில் வடக்கு மேலே இருக்கும் படத்தை மனதுக்குள் திருப்பிப் பார்ப்பது எல்லோராலும் முடியாது. மேலக் கோபுர வாசலுக்கு எதிரே நிற்கிறவர் கிழக்கே பார்க்கிறார், அவருடைய படத்தில் கிழக்குதான் மேலே இருக்க வேண்டும். ஐந்து நிமிட வட்டம் இன்னும் பயன்படும். ரயில் நிலையத்திலிருந்து டவுன்ஹால் ரோடு வழியாக நேராக நடந்தால் கோயில் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர்தான். இது தெரியாததால்தான் ஆட்டோவில் ஏறி ஒருவழிப்பாதைகளைச் சுற்றிக்கொண்டு போகிறார்கள். ரயில் நிலைய வாசலில் 'கோயில், நடந்து 15 நிமிடம்' என்று எழுதினால் ஆட்டோ அண்ணன்களுக்குக் கோபம் வரும், ஆனாலும் எழுத வேண்டும்.

தூணின் குறை என்னுடைய அளவுகோலிலேயே இருக்கிறது. படம் பழசாகிவிட்டால் வார்டு ஆள் பெயின்ட் டப்பாவோடு வந்து திருத்த முடியாது. லண்டனில் எல்லாத் தூண்களுக்கும் பின்னால் ஒரே வரைபடத் தொகுப்பு இருக்கிறது, அதைத் திருத்திப் புது அச்சு எடுக்கிறார்கள். இங்கே அந்தக் கோப்பு ஒப்பந்ததாரரின் கம்ப்யூட்டரில் இருந்தால், ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அது போச்சு. எனவே படத்தின் மூலக்கோப்பு மாநகராட்சிக்குச் சொந்தம் என்று எழுதி வாங்க வேண்டும். படத் தாள் தனியாகக் கழற்றி மாட்டும் சட்டத்தில் இருக்க வேண்டும். இந்த இரண்டு வரி இல்லாத டெண்டராக இருந்தால் தூண் வேண்டாம் என்றே சொல்வேன்.

க்யூஆர் கோடும் திரைகளும் மிச்சம். இதற்கு நிறைய இடம் ஒதுக்க எனக்கு மனமில்லை. 2018 பிப்ரவரியில் வீரவசந்தராயர் மண்டபத்தில் தீப்பிடித்த பிறகு, கோயிலுக்குள் செல்போன் கொண்டுபோகத் தடை வந்தது. வெளியே வரும் பக்தரின் போன் ஏதோ ஒரு வாசலில் இருக்கும் கவுன்ட்டரில் கிடக்கிறது. அந்தக் கவுன்ட்டரைத்தான் அவர் தேடுகிறார். அவருக்கு க்யூஆர் கோடைக் காட்டி என்ன பயன்? திரை என்றால் வெயிலில் தெரியாது, கரண்ட் வேண்டும், கெட்டுப்போனால் கம்பெனி ஆள் வர வேண்டும். அதற்குள் அதில் விளம்பரம் ஓடத் தொடங்கிவிடும். கையில் போன் இருப்பவருக்கு வரைபடச் செயலி ஏற்கெனவே இருக்கிறது. தூணின் ஓரத்தில் சின்னதாக ஒரு க்யூஆர் கோடு அச்சடித்தால் போதும்.

எந்தப் பலகையாக இருந்தாலும் அதில் எழுதப்போகும் எழுத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. பத்து மீட்டரிலிருந்து படிக்க 25 மில்லிமீட்டர் உயரம் என்பது ஆங்கில எழுத்துக்குச் சொல்லும் பொதுக் கணக்கு. தமிழுக்கு அது போதாது. ண, ஞ, ஐ போன்றவற்றில் சுழிகள் நெருக்கம், தடித்த எழுத்தில் அவை அடைத்துக்கொள்ளும். 'வடக்கு ஆவணி மூல வீதி' என்பதைச் சுருக்கவும் வழியில்லை. இப்போது நடப்பது, பலகையின் அகலத்தை முதலில் முடிவு செய்துவிட்டுப் பெயரை அதற்குள் நெருக்கித் திணிப்பது. நீளமான பெயரை நடுத்தரத் தடிமனில் எழுதிப் பார்த்துவிட்டு அதற்கேற்ப அகலத்தை முடிவு செய்ய வேண்டும். இரண்டு வரியாக எழுதினாலும் தப்பில்லை, 'வடக்கு' மேலே பெரிதாக, 'ஆவணி மூல வீதி' கீழே. தேடுகிறவருக்கு முதலில் தேவைப்படுவது திசைதானே.

தமிழும் ஆங்கிலமும் படிக்கத் தெரியாதவர்கள் நிறைய வரும் ஊர் இது. கார்த்திகை, மார்கழியில் சபரிமலைக்குப் போகிறவர்கள் ஆந்திராவிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் பஸ் பஸ்ஸாக வந்து இறங்குவார்கள். பலகையில் இன்னும் எத்தனை மொழி சேர்ப்பது, சேர்த்தால் யார் சண்டைக்கு வருவார்கள் என்ற வம்புக்குள் போகாமலே இதைத் தீர்க்கலாம். 1969-இல் மெக்சிகோ நகர மெட்ரோ தொடங்கியபோது படிக்கத் தெரியாதவர்களையும் மனதில் வைத்து ஒவ்வொரு நிலையத்துக்கும் ஒரு சின்னம் கொடுத்தார்கள், லான்ஸ் வைமன் வடிவமைத்தவை. இன்றும் அங்கே அது நடைமுறையில் இருக்கிறது. இங்கே தேவை நான்கே நான்கு சின்னங்கள். கிளி, மீன், காளை, யானை என்று நான்கு வாசல்களுக்கும் ஒவ்வொன்று, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம். யானையை வடக்கு வாசலுக்குக் கொடுத்துவிடலாம், யானைக்கல் அந்தப் பக்கம்தானே இருக்கிறது. செருப்பு டோக்கனிலும் போன் டோக்கனிலும் அதே சின்னத்தை அச்சடித்தால், டோக்கனைக் காட்டினாலே பூக்காரம்மா கையை நீட்டிவிடுவார். இதற்குக் கோயில் நிர்வாகமும் மாநகராட்சியும் ஒரு முறை உட்கார்ந்து பேச வேண்டும். இந்தப் பட்டியலில் கடினமான வேலை அதுதான் என்று நினைக்கிறேன்.

ஆக, என் தேர்வு ஒற்றைப் பலகை அல்ல. தெருப்பெயருக்குச் சித்திரை வீதியிலிருந்து மாசி வீதிவரை எனாமல் தகடு. ஓரத்தில் அருகிலுள்ள வாசலின் சின்னம். விளக்குத்தூண், ஏழுகடல் தெரு, சிம்மக்கல் என்று ஜனங்கள் வாயில் இருக்கும் பெயர்களையும் அந்தந்த இடங்களில் சேர்த்து எழுதலாம், வழி கேட்டால் கிடைக்கும் பதில் அவைதான். வரைபடத் தூண் பத்தே பத்து: நான்கு வாசல், சித்திரை வீதியின் நான்கு மூலை, ரயில் நிலையம், பெரியார் பேருந்து நிலையம். வண்டிகள் ஓடும் வெளி வீதிகளில் இருக்கும் திசைகாட்டிகளுக்குப் புது ஷீட் போதும், கம்பம் ஆடுகிறவற்றை மட்டும் மாற்றலாம். திரை எதுவும் வேண்டாம்.

பணம் பாதிதான் இருக்கிறது என்றால் தூண்களைத் தள்ளிப்போடலாம், தகட்டையும் சின்னத்தையும் தள்ளிப்போடக் கூடாது. எதையும் ஆர்டர் செய்வதற்கு முன், நான்கு சின்னங்களையும் சாதாரண ஃபோம் போர்டில் அச்சடித்து ஒரு சனி, ஞாயிறு வாசல்களில் கட்டி வைத்துப் பார்க்கலாம். வெளியே வருகிறவர்கள் எந்தப் பக்கம் திரும்புகிறார்கள், யாரிடம் வழி கேட்கிறார்கள் என்று நாலு கல்லூரி மாணவர்களை நிறுத்திக் குறித்துக்கொண்டால், எத்தனை பலகை, எந்த உயரம், எந்த மூலை என்பதற்கு ஆலோசனை நிறுவனத்தின் அறிக்கைக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.